கதாநாயகன் பெயர் ஜாவ்

ஷீஜோவ், தாலி
மார்ச் 6

அன்புத் தங்கை வான்லிங்குக்கு அக்கா சூயுன் எழுதுவது. இங்கே அப்பா, உன் அத்தான், நான் எல்லோரும் சுகம். மலைக்காற்று வீசும் நாளில் அப்பாவுக்கு முழங்கால் குடைகிறது, மற்றபடி கல் மாதிரி இருக்கிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது, இனிமேல் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று புத்தாண்டுக்குச் சொன்னாய். சண்டை போடாவிட்டால் அக்கா தங்கை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். செய்தி அனுப்பினால் நீ "நலம்" என்று ஒரே வார்த்தையில் தப்பித்துக்கொள்கிறாய்.

விஷயம் இதுதான். நம் வீட்டில் தொலைக்காட்சித் தொடர் எடுக்கக் கேட்டு வந்திருக்கிறார்கள். "மேகம் இறங்கும் முற்றம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஷாங்காயில் மனம் நொந்துபோன ஒரு பெண் தாலிக்கு வருகிறாளாம். இங்கே ஒரு பழைய வீட்டுப் பையனோடு முதலில் சண்டை, பிறகு சமாதானம், பிறகு காதல். அவன் ஷாங்காய்க்கும் தேடிப் போகிறானாம், அந்தக் காட்சிகளை ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டார்களாம். ஏரியும் மலையும் மேகமும் சும்மா கிடைக்கும்போது கதைக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் பழைய வீடு நம் வீடாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று இயக்குநர் பெங் அம்மாள் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தொடரில் வந்த வீடு என்று தெரிந்தால் பயணிகளுக்கு விடுகிற மாடி அறைகள் காலியாகக் கிடக்குமா? உன் அத்தான் அப்போதே படுக்கை விரிப்பெல்லாம் மாற்றலாமா என்று கேட்டுவிட்டார்.

அப்பா அவர்களை முற்றத்தில் உட்காரவைத்து, நம் வழக்கப்படி மூன்று தேநீரில் முதலாவதைக் கொடுத்தார். நன்றாக வறுத்த, கசந்து வழிகிற தேநீர். அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் குடித்தார். அதுவரைக்கும் எல்லாம் சரி. பிறகு எதிர்ச்சுவரைக் காட்டி, "ஐயா, இந்த எழுத்தை மட்டும் அழிச்சிட்டு காற்று, பூ, பனி, நிலான்னு எழுதிக்கிறோம். தாலின்னா அதுதானே எல்லாருக்கும் தெரியும்? முடிஞ்சதும் பழையபடி எழுதித் தந்துடுறோம்" என்றார்.

அப்பா கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தார்.

"அது என்னன்னு தெரியுமாம்மா உனக்கு?"

"ஏதோ கவிதைன்னு சொன்னாங்க."

"கவிதையா! யாழும் நாரையும் குடிப்புகழ்னு எழுதியிருக்கு. எங்க முன்னோர் ஒருத்தர் பெரிய அதிகாரியா ஊருக்குப் போறப்ப ஒரு யாழும் ஒரு நாரையும்தான் கொண்டுபோனாராம். மூட்டை முடிச்சு கிடையாது. அதனால யாழும் நாரையும்னு சுவத்துல இருந்தா அது ஜாவ் வீடு. இந்த ஊர்ல யாரும் கதவைத் தட்டிப் பேரு கேக்கறதில்ல, சுவத்தைப் பாத்தாலே போதும். அதை அழிச்சா நான் யாரு?"

அந்த அம்மாள் பயந்துபோய், சரி, அழிக்க மாட்டோம், அப்படியே இருக்கட்டும் என்றார். அதற்கும் அப்பா விடவில்லை. "கதையில பையன் பேரு என்ன?" என்று கேட்டார். துவான் யோங் என்றார்கள். "துவான் குடும்பத்துப் பையனுக்கு ஜாவ் குடும்பத்து வீட்டுல என்ன வேலை? வீட்டோட மாப்பிள்ளையா, திருடனா? தாலி முழுக்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும்!" என்று ஒரே போடாகப் போட்டார்.

இரண்டாவது தேநீர் வரவே இல்லை. இனிப்புத் தேநீர் வரும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது, பாவம், காலிக் கோப்பையை வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அவர்கள் மறுபடி வருவார்கள். அப்பாவை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? நீ படங்களுக்குக் குரல் கொடுத்து அந்த உலகத்தில் இருக்கிறவள், ஏதாவது யோசனை சொல். உன் பேச்சை எடுத்தால் அப்பா இன்னும் அதே பாட்டுத்தான் பாடுகிறார்: "பஸ் நிலையத்துல ஊரே அவ அறிவிப்பைக் கேட்டு வண்டி ஏறுச்சு. அதை விட்டுட்டு கார்ட்டூன்ல பன்னிக்குட்டிக்குக் கத்தப் போனா." நீ பார்த்துக்கொள். தலைக்குக் குல்லா போட்டுக்கொள்.

உன் அக்கா,
சூயுன்

---

பெய்ஜிங்
மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அப்பாவின் முழங்காலுக்கு இஞ்சியை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

சுவர் விஷயத்தில் நான் அப்பா பக்கம். உனக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் படப்பிடிப்பை விடவும் வேண்டாம். பையனுக்குப் பெயரை மாற்றச் சொல். ஜாவ் யோங் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? கதைதானே. ஷாங்காய்க் காட்சிகளை எடுத்து முடித்துவிட்டோமே என்பார்கள். எடுத்திருக்கட்டும். நம் ஊர்த் தொடர்களில் பாதிப் பேர் சொந்தக் குரலில் பேசுவதே இல்லை. பின்னால் எங்களைப் போல ஒருத்தி இருட்டு அறையில் நின்று, அவர்கள் உதடு அசைவதற்கு ஏற்றமாதிரி பேசி ஒட்டுகிறாள். துவான் இருந்த இடத்தில் ஜாவ் வைப்பது பெரிய காரியமே இல்லை என்று சொல்.

இதையும் நான் சொன்னதாகச் சொல்லாதே. பன்றிக்குட்டி புத்தி சொன்னது என்று தெரிந்தால் அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

வான்லிங்

---

ஷீஜோவ், தாலி
ஏப்ரல் 2

அன்பு வான்லிங்குக்கு,

எல்லோரும் சுகம். இஞ்சி ஒத்தடம் நன்றாகவே கேட்கிறது. "எங்கடி கத்துக்கிட்ட?" என்று அப்பா கேட்டார், பக்கத்து வீட்டுத் துங் அத்தை சொன்னார் என்று புளுகினேன். நீ சுகம்தானே? இந்தத் தடவை ஒரு வார்த்தைக்கு மேல் எழுதினாய், சந்தோஷம்.

உன் யோசனையை அப்பா காதில் போட்டேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை. மறுநாள் பெங் அம்மாள் வந்ததும் அப்பா அதைத் தன் யோசனையாகவே எடுத்துவிட்டார். "உதட்டுக்கு ஏத்த மாதிரி பேசி ஒட்டறதுக்கு ஆளுங்க இருக்காங்களாமே? அவங்களுக்கு இதெல்லாம் பெரிய காரியமே இல்லம்மா" என்று ஏதோ கூடவே நின்று பார்த்தவர் மாதிரி அளந்தார். நான் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அந்த அம்மாள் வெளியே போய் யார் யாருக்கோ போன் செய்தார். ஒருவர் கத்துவது எனக்கே கேட்டது. இரண்டு நாள் ஓடிற்று. மூன்றாம் நாள் வந்து, "ஐயா, இன்னிலேருந்து எங்க பையன் ஜாவ் யோங்" என்றார். அப்பா நேரே அடுப்படிக்குப் போனார். அக்ரோட்டும் வெல்லமும் பாலேடும் போட்டு இரண்டாவது தேநீர் வந்தது. தேனும் இஞ்சியும் மிளகும் போட்டு மூன்றாவதும் வந்தது. அந்த அம்மாள் மூன்றாவதைக் குடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார், மிளகு காரமாகவும் இருந்திருக்கலாம்.

வான்லிங், எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நான்தான் முதலில் அப்பாவைப் பிடிவாதக்காரர் என்று திட்டியவள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு மனிதருக்காக அவ்வளவு பெரிய கூட்டம் தன் கதாநாயகனின் பெயரையே மாற்றிக்கொண்டது!

இப்போது வீடு முழுக்கக் கம்பிகளும் விளக்குகளும். கதாநாயகிப் பெண் அழகாக இருக்கிறாள், மரியாதை தெரிந்தவள். பேச்சுதான் சுமார். "பாக்கறதுக்கு மகாலட்சணம். வாயைத் திறந்தா தண்ணியில ஊறின ரொட்டி" என்கிறார் அப்பா. கதாநாயகப் பையனுக்குத் தேநீர்ச் சட்டி பிடிக்கத் தெரியவில்லை, அப்பா அவன் கையில் ஒரு தட்டுத் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். அதையும் படம் பிடித்தார்கள்.

உன் வேலை எப்படிப் போகிறது? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அக்கா சூயுன்

---

ஷீஜோவ், தாலி
மே 25

வான்லிங்,

உயிரோடு இருக்கிறாயா? இங்கே எல்லோரும் சுகம், நீதான் எப்படி இருக்கிறாய் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. நேற்று உன் போனில் இருந்து ஒரு பூப்படம் மட்டும் வந்தது. அதை வைத்து நான் என்ன செய்ய?

படப்பிடிப்பு முடிந்து கூட்டம் போய்விட்டது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. தொடர் வருவதற்கு முன்பே ஆட்கள் வந்து வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். துங் அத்தை தன் ரொட்டிக் கடையில் "ஜாவ் யோங் சாப்பிட்ட ரொட்டி" என்று பலகையே வைத்துவிட்டார். அவன் அந்த ரொட்டியைத் தொட்டதே இல்லை.

அப்பா உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் தினமும் பதினொரு மணிக்கு, "தபால்காரன் வந்தானா?" என்று மட்டும் கேட்கிறார். யார் அவருக்குக் கடிதம் போடப்போகிறார்கள்? உனக்கு வேலை போய்விட்டதா, யாரோடாவது மனத்தாங்கலா, எதுவாக இருந்தாலும் எழுது. நான் திட்ட மாட்டேன். கொஞ்சமாகத்தான் திட்டுவேன்.

சூயுன்

---

பெய்ஜிங்
ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், நம்பு. வேலை நிறைய இருக்கிறது. அதனால்தான் எழுதவில்லை. அப்பா, அத்தான் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

என் அறைத்தோழிக்குத் தொண்டை சரியில்லை. நம் வீட்டுப் பேரிக்காய்ப் பாகு இருந்தால் அனுப்பு. கடைப்பாகு அவளுக்குக் கேட்கவில்லை.

இன்னொன்று. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அவர்கள் சண்டைக் காட்சியை எங்கே நின்று எடுத்தார்கள்? முற்றத்திலா, மாடிப்படியிலா? முற்றத்தில் நின்று கத்தினால் எதிர்ச்சுவரில் பட்டுக் குரல் கொஞ்சம் பருத்துத் திரும்புமே, படியில் நின்றால் அப்படித் திரும்பாது. படத்தைப் பார்த்தால் சரியாகத் தெரிவதில்லை.

அப்பாவின் முழங்கால்?

வான்லிங்

---

ஷீஜோவ், தாலி
ஜூலை 21

அன்பு வான்லிங்குக்கு,

நாங்கள் சுகம். தீப்பந்தத் திருவிழாவுக்கு ஊரே கம்பம் கட்டிக்கொண்டிருக்கிறது, நீ மட்டும் இல்லை. உன் உடம்பு நிஜமாகவே நலம்தானா?

எந்தப் படத்தைப் பார்த்தாய் நீ? தொடர் இன்னும் வெளியே வரவே இல்லையே? சரி, உன் தொழிலில் ஆயிரம் இருக்கும். சண்டையை மாடிப்படியில் எடுத்தார்கள். அவள் மேல்படியில், அவன் கீழே. போதுமா?

பாகு அனுப்பியிருக்கிறேன், இரண்டு சாடி. அறைத்தோழிக்குத் தொண்டை சரியில்லை என்று அப்பா முன்னால் படித்துவிட்டேன். மத்தியானம் பார்த்தால் சந்தையில் இருந்து ஒரு கூடைப் பேரிக்காய் வாங்கிவந்து, தானே உட்கார்ந்து தோல் சீவிக்கொண்டிருக்கிறார். "யாருக்குப்பா இவ்வளவு?" என்றேன். "அந்த அறைத்தோழிப் பொண்ணுக்குத்தான். அவளுக்கும் அப்பன் இருப்பான்ல" என்றார். ராத்திரி வரைக்கும் அடுப்பு முன்னால் நின்று கிண்டினார், என்னைக் கிட்டவே விடவில்லை. அறைத்தோழி ஆணாக இருந்தாலும் பரவாயில்லை என்று உன் அத்தான் சொல்லச் சொன்னார்.

திருவிழாவுக்கு வர முடியாவிட்டால் இலையுதிர் நிலாப் பண்டிகைக்காவது வா.

சூயுன்

---

பெய்ஜிங்
அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அறைத்தோழியும் தேறிவருகிறாள். பாகைக் கரண்டியால் வழித்துக்கூடத் தின்றுவிட்டாள்.

பண்டிகைக்கு வராததற்குத் திட்டு. ஆனால் ஒன்று சொல்கிறேன், அதற்கு மேல் கேட்காதே. இந்த வருஷம் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வேலை. அது நல்லபடியாக முடிந்தால், இந்த ஆறு வருஷமும் வீணில்லை என்று அப்பா முன்னால் வந்து நிற்பேன். அது கெட்டுப்போனால் பஸ் நிலையத்தில் பழைய வேலை காலியாக இருக்கிறதா என்று விசாரித்து வை.

குளிர் வருகிறது. அப்பாவைக் காலில் கம்பளி சுற்றிக்கொள்ளச் சொல்.

வான்லிங்

---

ஷீஜோவ், தாலி
ஜனவரி 13

அடி பாவி!

சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறோம், எனக்குத்தான் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.

நேற்று முதல் பகுதி வந்தது. உன் அத்தான் தொலைக்காட்சியை முற்றத்துக்கே தூக்கிவந்து வைத்திருந்தார். துங் அத்தை வீடு, எதிர்வீடு, மாடியில் தங்கியிருந்த செங்டு தம்பதி என்று நல்ல கூட்டம். நடுவில் கரி அடுப்பு, ஆளுக்கு ஒரு கை சூரியகாந்தி விதை. அப்பா முன்வரிசையில் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார், ஏதோ அவர்தான் கதாநாயகன் மாதிரி.

அந்தப் பெண் ஷாங்காய் அலுவலகத்தில் மேலாளரோடு சண்டை போடுகிறாள். வாயைத் திறந்தாள். ஊறின ரொட்டி இல்லை! கணீர் என்று வருகிறது. "பரவாயில்லையே, இந்தப் பொண்ணுக்கு என்ன குரலு!" என்றார் துங் அத்தை. கோபம் தலைக்கேறினால், பேசி முடித்த பிறகு மூக்கால் ஒரு சின்ன மூச்சு விடுவாயே, சின்ன வயதில் என் சீப்பை ஒளித்துவைத்துவிட்டு நான் அடித்தபோதெல்லாம் விட்ட மூச்சு, அது வந்தது. நான் விதையை அப்படியே கொட்டிவிட்டு எழுந்து, "ஐயோ, இது எங்க வான்லிங்!" என்று கத்திவிட்டேன்.

ஒருத்தரும் நம்பவில்லை. "பன்னிக்குட்டிக்குத்தானே அவ?" என்று துங் அத்தை சிரித்தார். "பன்னிக்குட்டியும் வளரும் அத்தை" என்றார் உன் அத்தான். கடைசியில் பெயர்கள் ஓடும்போது அவர் ஓடிப்போய் நிறுத்திக் காட்டினார். கதாநாயகி ஷென் மானின் குரல்: ஜாவ் வான்லிங். முற்றமே கைதட்டியது. செங்டுக்காரர் என்னோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார், நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. இன்று காலையில் இருந்து காய்கறிக்காரியில் தொடங்கி அஞ்சல் நிலையம் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் ஒன்று எழுதவேண்டும், எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. நான் கத்தினேனே, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அப்பா எழுந்துவிட்டார். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டார். தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முடியும் வரைக்கும் திரும்பவே இல்லை. பெயர் வந்து எல்லோரும் கைதட்டியபோதும் திரும்பவில்லை. "என்னப்பா, பாக்க மாட்டீங்களா?" என்று தோளைத் தொட்டேன். "சும்மா இருடி" என்று கையைத் தட்டிவிட்டார். இன்றும் அப்படியே. ஏழரை மணிக்கு முதல் ஆளாக வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று துங் அத்தை வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது.

நீ எல்லாவற்றையும் எழுது. எப்படிக் கிடைத்தது, ஏன் மறைத்தாய், ஒன்றுவிடாமல் எழுது. நன்றாக இருக்கிறாயா?

சூயுன்

---

பெய்ஜிங்
ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை நலம் என்று மட்டும் எழுதப்போவதில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, தொண்டை நன்றாக இல்லை. அறைத்தோழி என்று யாரும் கிடையாது. எல்லாப் பாகையும் நான்தான் தின்றேன்.

பன்றிக்குட்டியாகக் கத்திக் கத்தி, போன குளிர்காலத்திலேயே குரல்நாணில் காய்ப்பு விழுந்துவிட்டது. வேலை நேரம் தவிர வாயே திறக்கக் கூடாது என்றார் மருத்துவர். போனில் சண்டை வருகிறது என்று சொன்னது அதனால்தான். உன்னிடம் சொன்னால் அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தால், "பாத்தியா, சொன்னேன்ல?" என்பார். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது சிரிக்கப்போகிறாய். இந்த வேலை எனக்குக் கிடைத்ததே அப்பாவின் சுவரால்தான். ஷாங்காய்ப் பகுதிகளுக்கு வேறு ஒருவர் ஏற்கெனவே குரல் கொடுத்து முடித்திருந்தார், பெரிய பெயர் உள்ளவர். கதாநாயகனுக்குப் பெயர் மாறிவிட்டது, திரும்பப் பேச வேண்டும் என்றதும், "மொதல்லேருந்தா? எவனோ ஒரு கிழவனோட சுவத்துக்காகவா?" என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டாராம். அவசரமாக ஆள் தேடினார்கள். நானும் வரிசையில் போய் நின்றேன்.

துவான் இருந்த இடத்தில் ஜாவ் வைப்பது பெரிய காரியமே இல்லை என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கையை அன்றைக்கு ஒடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. துவான் என்று சொல்லி முடிக்கும்போது நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். ஜாவ் என்றால் உதடு குவிந்து திறந்தபடி நிற்கும். அவள் முகம் திரை முழுக்க இருக்கும்போது ஒட்டவே ஒட்டாது. வந்தவர்கள் எல்லாம் உதட்டைப் பார்த்துப் பேசிப் பார்த்தார்கள். நான் உதட்டை விட்டுவிட்டு அவள் கண்ணைப் பார்த்தேன். கண் சுருங்குகிற நேரத்தில் ஒரு மூச்சை இழுத்து, அந்த மூச்சின் மேலேயே பெயரை ஏற்றினேன். பெங் அம்மாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டார். "ஜாவ்ங்கிற பேரை இவ்வளவு உரிமையா யாரும் சொல்லல. உன் பேரு என்னம்மா?" என்றார். சொன்னேன். ஊரைக் கேட்டார். சொன்னேன். "உங்க வீட்டுச் சுவத்துல யாழும் நாரையுமா?" என்றார். பிறகு சிரித்தார் பார், அறையே அதிர்ந்தது. தொடர் வெளியாகும் வரை வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதுவரைக்கும் வேறு யாரை வேண்டுமானாலும் போடலாம் என்றும் அதில் இருந்தது. பாதியில் தொண்டை அடைத்தபோது, வேறு ஆளைப் போட்டுவிடலாமா என்று என் காதுபடவே பேசினார்கள். அந்த வாரம்தான் உன் சாடிகள் வந்தன.

அக்கா, நான் நன்றாகச் செய்திருக்கிறேன். எனக்கே தெரியும். அடக்கமாகச் சொல்ல வரவில்லை. இவ்வளவு பெரிய வேலையை இந்த ஓட்டைத் தொண்டையை வைத்துக்கொண்டு முடித்திருக்கிறேன். தெருவில் பெண்கள் ஷென் மான் மாதிரிப் பேசிப் பழகுகிறார்கள், நான் பின்னாலேயே வாயை மூடிக்கொண்டு நடக்கிறேன்.

அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் நான் திரும்பப் படிக்கவில்லை. முகம் காட்டாத நடிப்பு என்ன நடிப்பு என்று அன்றைக்கே கேட்டவர்தானே. அடுத்த மாதப் புத்தாண்டுப் பண்டிகைக்கு வருவதாக இருந்தேன், பயணச்சீட்டுகூடப் பார்த்துவிட்டேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. மருத்துவரும் ஒரு மாதம் பேசவே கூடாது என்கிறார். ஊமையாக வந்து அவருடைய முதுகுக்குப் பின்னால் உட்கார என்னால் முடியாது. நீங்கள் சந்தோஷமாகப் பண்டிகை கொண்டாடுங்கள். அவர் முழங்காலைக் கவனி.

வான்லிங்

---

ஷீஜோவ், தாலி
பிப்ரவரி 1

மகள் வான்லிங்குக்கு அப்பா எழுதுவது.

உன் உடம்பு எப்படி என்று கேட்கப்போவதில்லை. உன் கடிதத்தை உன் அக்கா முற்றத்தில் நின்று அழுதுகொண்டே உரக்கப் படித்துவிட்டாள், இப்போது உன் தொண்டையைப் பற்றி ஊருக்கே தெரியும். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அதைப் பற்றி யாரும் எழுத வேண்டாம்.

அறைத்தோழி இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். உன்னைச் சின்ன வயதில் இருந்து வளர்த்திருக்கிறேன். அதை விடு.

உன் அக்காவும் துங் வீட்டுக்காரியும் சேர்ந்து எனக்குக் கோபம் என்று முடிவுகட்டி, அதை உனக்கும் எழுதிவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க மாட்டேன். உனக்குச் சொல்கிறேன்.

முதல் நாள் அந்தப் பெண் வாயைத் திறந்ததுமே நீ என்று தெரிந்துவிட்டது. உன் அக்கா மூச்சு, மூக்கு என்று என்னவோ சொல்கிறாள், எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. ஆனால் உன் குரல் வருகிற இடத்தில் வேறு ஒரு பெண்ணின் முகம் இருக்கிறது. நல்ல பெண்தான், நம் வீட்டில் சாப்பிட்டவள். ஆனாலும் நீ இல்லை. அந்த முகத்தைப் பார்த்தால் நீ பேசுவது காதில் விழவில்லை. குறுக்கே யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அதனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். திருப்பியதும் அவள் போய்விட்டாள். நீதான் இருந்தாய். படிக்கட்டில் நின்று சண்டை போட்டாய். சமையலறையில் சிரித்தாய். முற்றத்தில் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். தினமும் ஏழரை மணிக்கு என் மகள் வீட்டுக்கு வந்தாள். நடுவில் உன் அக்கா தோளைத் தொட்டுப் பேசினால் எரிச்சல் வராதா?

தொடர் நேற்று முடிந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். நான் நாற்காலியைத் திருப்ப மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் நாள் முழுக்க வாசலில் ஆட்கள். "ஜாவ் யோங் வீடு இதுதானா?" என்று கேட்கிறார்கள். "அப்படி யாரும் இல்லப்பா, இது ஜாவ் வான்லிங் வீடு" என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் விழிக்கிறார்கள். தெரிந்தவர்கள் உள்ளே வந்து உட்காருகிறார்கள், அவர்களுக்கு மூன்று தேநீரும் கொடுக்கிறேன். கொடுத்து மாளவில்லை.

பண்டிகைக்கு வந்து சேர். நிலையத்துக்கு நானே வருகிறேன். மருத்துவர் பேசக் கூடாது என்றால் பேசாதே, யாரும் உன்னைக் கேள்வி கேட்க நான் விட மாட்டேன். இந்த ஆறு வருஷத்துக்கு என்னிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. நீ பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நான் பேசுகிறேன்.

உன் அப்பா,
ஜாவ் ஹெங்தே